சனிக்கிழமை மட்டும் இருமிய கார்

எங்கள் காருக்கு வாரத்தில் மற்ற நாட்களில் ஒரு கோளாறும் கிடையாது. சனிக்கிழமை காலையில் மட்டும் இருமும்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலை விட்டுக் கிளம்பும்போதே ஆரம்பித்துவிடும். முதலில் ஒரு நடுக்கம். அப்புறம் பானெட்டுக்குள்ளிருந்து டுப், டுப் என்று தொண்டையில் எதையோ அடைத்துக்கொண்ட சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி ஓடுவதற்குப் பதிலாகக் குதிக்கும். கொள்ளிடம் பாலத்தில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போவார்கள். போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள், திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். யாராவது பார்த்தாலே எனக்குப் புடவைத் தலைப்பு தானாக முகத்துக்கு வந்துவிடும். குழம்புத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் குனிந்தபடியே இருப்பேன்.

எப்போதும் பின் சீட்டுதான். முன்னால் உட்கார்ந்தால் கண்ணாடி வழியாக ஊரே என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

"எல்லாரும் என்னை உன் டிரைவர்னு நெனைக்கிறாங்க" என்று என் வீட்டுக்காரர் முனகுவார்.

நான் பதில் சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

நாங்கள் போவது மண்ணச்சநல்லூருக்கு. அங்கே என் அக்கா இருக்கிறாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போனதிலிருந்து அவளுக்கு நடமாட்டம் இல்லை. அரிசி ஆலைகள் இருக்கும் தெருவில் வீடு. ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டு, தெருவைப் பார்த்தபடி படுத்திருப்பாள். மகனும் மருமகளும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் சனிக்கிழமை காலையில் நான் வர வேண்டும் அவளுக்கு. எனக்கும் அப்படித்தான். மற்றவர்கள் பேசினால் நான் தலையாட்டுவேன். அக்காவிடம் மட்டும்தான் வாயைத் திறந்து பேசுவேன். வாரம் பூராவும் அடக்கி வைத்ததை அன்றைக்குத்தான் கொட்டுவேன்.

பஸ்ஸில் போகக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பஸ் ஏறினால் எனக்கு வாந்தி வரும். டோல்கேட் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டு வருவார். வாடகைக் கார் என்றால், ஏறினதும் டிரைவர், என் போனுக்கு வந்த ஓடிபி நம்பரைக் கேட்பார். முன்பின் தெரியாத ஆளிடம் நம்பர் சொல்ல எனக்கு நாக்கு வராது. என் வீட்டுக்காரரைக் கூட்டிப் போகலாம் என்றால், அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவரால் உட்காரவே முடியாது. இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். "லாரி வருதுப்பா, லாரி வருதுப்பா" என்பார். ஒரு தரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் சண்டை வந்து நடுவழியில் இறங்கிவிட்டோம். ஆக, கார் இருந்தால்தான் எனக்கு அக்கா.

என் வீட்டுக்காரர் கரண்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஈரக் கையோட சுவிட்சைத் தொடாதே" என்று கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்துக் கத்துகிறவர். மழை பெய்தால் கிரைண்டர் பக்கம் போகவிட மாட்டார். அப்படிப்பட்டவர் வாங்கிய ஒரே சொத்து இந்தப் பழைய வெள்ளைக் கார். அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்து, பூச்சரம் சாத்தி, கற்பூரம் காட்டுவார். ஊரில் எல்லாரும் செய்வதுதான்.

ஒரு முறை முக்கொம்புக்குப் போய்த் திரும்பும்போது லாரி ஒன்று எங்களை உரசுகிற மாதிரி வந்து, மயிரிழையில் விலகிப் போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் காரைச் சுற்றி வந்து பானெட்டைத் தொட்டுக் கும்பிட்டார்.

"பொட்டெல்லாம் வெளிய வெக்கிறோம். உசுரு உள்ளதானே இருக்கு?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் பானெட்டைத் திறந்து, பித்தளைச் செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்து, இன்ஜினுக்கே அபிஷேகம் செய்ய ஆரம்பித்தார். உச்சியிலிருந்து ஊற்றுவார். தண்ணீர் இடுக்கெல்லாம் புகுந்து அடியில் சொட்டும். முடிந்ததும் சாம்பிராணி போட்டு பானெட்டை மூடுவார். எனக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மஞ்சளை நான்தான் கரைத்துக் கொடுப்பேன்.

கார் இரும ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆனால் பிறகு வந்தது என்பது வேறு, அதனால் வந்தது என்பது வேறு. அந்த இரண்டாவது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

இந்த இருமலுக்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர் என்பதை பாலக்கரை மெக்கானிக்கிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இன்ஜினுக்குள் நாலு சிலிண்டர் மாறி மாறி வேலை செய்ய வேண்டுமாம். அதில் ஒன்று முறை வரும்போது வேலை செய்யாமல் விட்டுவிட்டால் வண்டி குதிக்குமாம். அவர் வேதக்காரர். ஒர்க் ஷாப் சுவரில் மாதா படமும் அதைச் சுற்றி சீரியல் பல்பும் இருக்கும். ரொம்ப மரியாதையான மனுஷன். நான் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று தெரிந்து, நிழலாகப் பார்த்து நிறுத்தச் சொல்வார்.

சங்கடம் என்னவென்றால், சனிக்கிழமை அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போவதால் கடை லீவு. திங்கட்கிழமை கொண்டுபோனால் வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும். அவர் நீளமான ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்.

"கல்லு மாதிரி இருக்குங்கய்யா வண்டி."

"சனிக்கிழமை வந்து கேளுப்பா. காசநோய் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

ஒரு மெஷினைச் சொருகிப் பார்த்தார். "மூணாவது சிலிண்டர் மிஸ்ஸாகியிருக்குன்னு காட்டுது. ஏன்னு காட்ட மாட்டேங்குதுங்க" என்றார். பிளக்கெல்லாம் மாற்றினார். காயிலை மாற்றினார். பெட்ரோல் பங்கை மாற்றிப் பார்க்கச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை கொள்ளிடம் பாலத்தில் அதே டுப், டுப்.

மறுபடி போனபோது மூணாவது பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ஓரமெல்லாம் மஞ்சள் படிந்திருந்தது.

"ஐயா, இன்ஜின் மேல தண்ணி கிண்ணி விடுறீங்களா?"

"நானா?" என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆயுசு பூரா கரண்ட்ல வேலை பார்த்தவன்ப்பா நான். ஒரு சொட்டு விட மாட்டேன். துணியை நனைச்சுப் பிழிஞ்சு பாடியைத் துடைக்கிறதோட சரி."

அவர் பொய் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அபிஷேகம் அவர் மனசில் தண்ணீர் விடுவதில் சேராது. அன்றைக்கு என் மனசிலும் சேரவில்லை.

"அப்ப இந்த மஞ்சள்?"

"அது சாமிக்குப் பண்றது."

"ஓ... சாமிக்குங்களா" என்றார் மெக்கானிக். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சுவரிலிருந்த மாதாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு பிளக்கை இரண்டு கையாலும் பயபக்தியோடு வாங்கி வைப்பது போலத் திருப்பி மாட்டிவிட்டார்.

சனிக்கிழமை மட்டும் வருவதால் இது சனி பகவான் வேலை என்று எதிர்வீட்டு ஜோசியர் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு அது பொருத்தமாகப் பட்டது. பரிகாரமாக அபிஷேகத்தைப் பெரிதாக்கினார். செம்பு போய்க் குடம் வந்தது. இருமலும் பெரிதானது. முன்பெல்லாம் டோல்கேட் தாண்டியதும் அடங்கிவிடும். குடம் வந்த பிறகு மண்ணச்சநல்லூர் ஆலை முக்கு வரை கூடவே வந்தது. "பாத்தியா, பரிகாரம் ஆரம்பிச்சதும் சனி எதிர்த்து நிக்கிறாரு" என்றார் அவர்.

இப்படி இருக்கும்போது சென்னையிலிருக்கும் எங்கள் மகன் வீடியோவில் வந்தான். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தோம்.

"அப்பா, பாலத்து நடுவுல நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? துறையூர்ல ஒருத்தர் கேக்குறாரு. வித்துடுங்க. எங்கயாவது போகணும்னா நான் இங்கருந்தே வண்டி போட்டு விடுறேன். அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

நான் தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. போனில் என் நெற்றி மட்டும்தான் தெரிந்ததாம். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். "இந்த மாசம் முடியட்டும். சரியாகலன்னா குடுத்துடலாம்" என்று என் வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். சொன்னவர் அப்புறம் வாசலுக்குப் போய்க் காரைத் தடவிக்கொண்டு நின்றார்.

அந்தச் சமயம் பார்த்து, லால்குடிப் பக்கத்தில் அவருக்குப் பங்காளி ஒருவர் இறந்துபோனார். நாங்கள் அவரை ஏதோ ஒரு கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்தியில் பார்த்ததோடு சரி. ஆனாலும் தீட்டு தீட்டுதானே. வாசலில் கோலம் இல்லை, வீட்டில் விளக்கு இல்லை. காருக்கும் வெள்ளிக்கிழமை பூஜை இல்லை. அக்கா வீட்டுக்குப் போகலாமா கூடாதா என்று போனில் கேட்டேன். "இடுப்பொடிஞ்சு கிடக்கிறவளுக்கு இதுக்கு மேல என்னடி தீட்டு? வா" என்றாள்.

சனிக்கிழமை கிளம்பினோம். வாசலில் நடுக்கம் இல்லை. பாலம் ஏறினோம். நான் குழம்புத் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டுப் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சைக்கிள்காரர்களை நாங்கள் முந்தினோம். நொச்சியம் தாண்டி மண்ணச்சநல்லூர் வரை வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"சனி விட்டுடுச்சு! குடத்தோட பலன் இப்பத்தான் தெரியுது" என்றார் அவர்.

நான் பின் சீட்டில் யோசித்துக்கொண்டு வந்தேன். மற்ற வாரம் இருந்து இந்த வாரம் இல்லாதது எது? கோலம் இல்லை. கோலத்துக்கும் காருக்கும் சம்பந்தமில்லை. விளக்கு இல்லை. அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் தண்ணீர் இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈரக் கையோட சுவிட்சைத் தொடாதே என்று அவர் கத்துவது காதில் கேட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊற்றும் தண்ணீர் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தேங்கி, காலையில் கிளம்பும்போது அங்கேயே நிற்கிறது. வண்டி சூடாகச் சூடாக அது வற்றுகிறது. திங்கட்கிழமைக்கு மெக்கானிக் பார்க்க ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. அந்த லால்குடிப் புண்ணியவான் உயிரோடு இருந்தவரை எங்களுக்கு ஒன்றும் செய்ததில்லை. செத்து எங்கள் காரைச் சரி பண்ணிவிட்டுப் போயிருந்தார்.

கண்டுபிடித்துவிட்டேனே தவிர, வாயில் வரவில்லை. மனுஷன் பக்தியாகச் செய்வதை எப்படிக் குற்றம் சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் ஓடிவிட்டது. தீட்டும் கழிந்தது. ஒரு வாரம் ஓடியதை நம்பாமல் மகன் வாக்குக் கொடுத்துவிட்டதில், துறையூர்க்காரர் சனிக்கிழமை காலையில் வண்டியைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது.

அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. நான் இப்போது உண்மையைச் சொன்னால் இவர் அபிஷேகத்தை நிறுத்துவார். நிறுத்தினால் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும். ஓடினால் துறையூர்க்காரர் கையோடு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "நாளைக்கு அடுத்த வீட்டுக்குப் போற பொண்ணு மாதிரி. இன்னிக்குக் குறை இல்லாமப் பண்ணிடணும்" என்றார்.

"இன்னொரு குடம் கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டேன்.

நானாக எதையும் கேட்கிறவள் இல்லை. அவர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "கொண்டா" என்றார். நிறைய மஞ்சள் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

துறையூர்க்காரர் வெங்காய வியாபாரி. தெருமுனையில் பேசினால் எங்கள் சமையல்கட்டில் கேட்கும். காரைச் சுற்றிப் பார்த்து, "வெளிய மாப்பிள்ளை மாதிரி இருக்கே பெரியவரே!" என்றார். அவரே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். தெரு திரும்புவதற்குள் டுப். அப்புறம் டுப், டுப், டுப். அதற்கு முன்பு எந்தச் சனிக்கிழமையும் அது அவ்வளவு அருமையாக இருமியதில்லை.

சித்திரை வீதியைச் சுற்றிவிட்டுக் குதித்துக் குதித்துத் திரும்பி வந்தார்.

"உள்ள ஆஸ்துமா இருக்கே பெரியவரே! பச்சமலை அடிவாரத்துல ஏத்தம் வந்தா நான்ல இறங்கித் தள்ளணும்!"

காபி கொண்டுபோய் வைத்தேன். குடித்துவிட்டு, "காபி அருமைங்கம்மா. வண்டிதான் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"இனிமே இதை யாரு வாங்குவா? அடுத்த வாரம் காயலான் கடைக்குப் போட்டுட வேண்டியதுதான்" என்றார். "வா. கடைசியா ஒரு தடவை உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துடுவோம்."

அன்றைக்கு நான் முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அவர் ஆச்சரியப்பட்டாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை. இருமிக்கொண்டே கொள்ளிடம் பாலம் ஏறினோம்.

"ஏங்க" என்றேன்.

"என்ன?"

"நம்ம கோயில்ல படுத்திருக்கிற பெரிய பெருமாளுக்குத் தண்ணி ஊத்துறாங்களா?"

"திடீர்னு பெருமாள் எதுக்கு? ஊத்த மாட்டாங்க. மூலவர் சுதையில பண்ணின திருமேனி, தண்ணி ஆகாது. தைலக்காப்பு மட்டும்தான். ஊருக்கே தெரிஞ்சதுதானே?"

"அவருக்கே ஊத்தறதில்ல. இதுக்கு எதுக்குங்க குடம் குடமா?"

வண்டி டுப் என்றது. அவர் கரண்ட் ஆபீஸ்காரர் அல்லவா, உள்ளே எங்கேயோ பற்றிக்கொண்டது முகத்தில் தெரிந்தது. ஆனால் உடனே விட்டுக்கொடுப்பாரா?

"உற்சவருக்குத் திருமஞ்சனம் உண்டுல்ல? ஊர்வலம் போறவருக்கு உண்டு. காரும் ஊர்வலம் போறதுதானே?"

இதை அவர் கேட்பார் என்று தோசை ஊற்றும்போதே நினைத்து வைத்திருந்தேன்.

"கார் உற்சவர்தாங்க, நான் இல்லைங்கல. ஆனா இன்ஜின் மூலவரு. உள்ளயே படுத்திருக்கு."

டோல்கேட்டில் அவர் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டார். அதற்குப் பிறகு மெதுவாக, "அப்ப அந்தத் தீட்டு வாரத்துல..." என்றார்.

"ஒரு இருமல் இல்லீங்க."

"அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டியா?"

"ம்."

உத்தமர்கோயில் தாண்டினோம். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அப்ப நேத்து இன்னொரு குடம் எதுக்குக் கொண்டாந்த?"

"குழம்பு சிந்துது, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் குலுங்கியதில் கார் குலுங்கியதா, கார் குலுங்கியதில் அவர் குலுங்கினாரா என்று தெரியவில்லை. "அந்த வெங்காயக்காரரு..." என்பார், அதற்கு மேல் சொல்ல முடியாமல் மறுபடி சிரிப்பார். தெருவில் போனவர்களெல்லாம் பார்த்தார்கள். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மறைந்துகொள்ள இடமே இல்லை.

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கும் அப்பவே ஒரு மாதிரி தோணுச்சுங்கய்யா. நாங்க மாதாவுக்குப் பண்றதை நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? அதான் கம்முனு இருந்துட்டேன்." அப்புறம் குனிந்து என்னைப் பார்த்து, "அம்மா சொன்னா சரியாப் போச்சு" என்றார். நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பானெட் திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சமையல்கட்டிலிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய் நிற்கிறார்.

"என்னங்க இது?"

"மூலவருக்குத் தைலக்காப்பு. நீதானே சொன்ன?"

"அதுக்கு வேண்டிய எண்ணெய் உள்ளயே ஓடுதுங்க! மெக்கானிக் ஊத்துறாருல்ல!" என்று வாசல் வரை போய் நின்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு ஜோசியர் எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு சந்தனப் பொட்டு மட்டும் பானெட்டுக்கு வெளியே வைப்பது என்று முடிவானது. எண்ணெய்ப் பாட்டிலை வாங்கி உள்ளே வைத்தேன்.

சனிக்கிழமை, வண்டி பூனை மாதிரி போனது. அரிசி ஆலைத் தெருவில் திரும்பி அக்கா ஜன்னலுக்குக் கீழே நின்றபோது எனக்கே சத்தம் கேட்கவில்லை. உள்ளே போனேன். அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டு, ஒரு கையில் கடித்த அதிரசமும் மறு கையில் முழு அதிரசமுமாக இருந்தாள். அவளுக்குச் சர்க்கரை நோய். டாக்டர் இனிப்பின் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

"ஏண்டி, சத்தமில்லாம வந்து நிக்கிற?" என்று என் மேல் பாய்ந்தாள். "ஆலை முக்குல உன் காரு இருமும். நான் தலகாணிக்கு அடியில எல்லாத்தையும் ஒளிச்சுட்டு, மருமகளைக் காபி வெக்கச் சொல்லுவேன். தீட்டு வாரம் அதிரசம் தீந்துபோயிருந்துச்சு, தப்பிச்சேன். இனி நீ வர்றதை எனக்கு யாரு சொல்லுவா?"

"சரியாயிடுச்சுக்கா."

"உன் வீட்டுக்காரரை யாரு சரி பண்ணச் சொன்னா?" என்றாள். கடித்ததைக் கீழே வைக்கவும் இல்லை. முழுசாக இருந்ததை என்னிடம் நீட்டினாள். "மசமசன்னு நிக்காத. மருமக வர்றதுக்குள்ள தின்னு. தின்னுட்டு இன்னொரு தரம் சொல்லு, அந்த வெங்காயக்காரன் என்ன சொன்னான்?"

கட்டில் ஓரமாக உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.